மூன்று வயதில் கேட்ட சங்கு

ஒரு பெண் விசும்பி அழுதுகொண்டிருக்கிறாள். எங்கோ தொலைவிலிருந்து ஓர் ஆணின் குரல் அவளை நோக்கி வருகிறது. வருபவன் அவளுடைய காதலன். ஆனால், அவன் உயிரோடு இல்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டான். செத்தவனுக்கு மனசு கேட்கவில்லை. அவளுக்கு ஆறுதல் சொல்லத் திரும்பி வருகிறான். பக்கத்தில் வந்து நிற்கிறான். அவளுக்கோ அவன் தெரியவும் இல்லை, அவன் சொல்வது கேட்கவும் இல்லை. இப்படியே 11 நிமிடங்கள்.

பேய்க்கதைதான். நம் பாட்டிகள் சொல்லாத கதையா என்று தோன்றலாம். ஆனால், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் அப்படித் தோன்றாது. காற்றா, மூச்சா, உலோகமா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தங்கள் இடது காதிலிருந்து வலது காதுக்கு ஊர்ந்து போகும். நடுவில் யாரோ நம் பின்னால் நிற்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்க்காமல் இருப்பது கஷ்டம்.

'தி விஸிட்டேஷன்' என்பது அந்தப் பாட்டின் பெயர். 1969-ல் லண்டனில் வெளிவந்த 'ஆன் எலெக்ட்ரிக் ஸ்டார்ம்' என்ற ஆல்பத்தில், இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது. தமிழில் சொன்னால், 'ஒரு மின்சாரப் புயல்'. கறுப்பு உறை, அதில் வெட்டும் மின்னல். குழுவின் பெயர் 'ஒயிட் நாய்ஸ்'. இன்று போனில் தேடினால் அரை நிமிடத்தில் கேட்டுவிடலாம். அன்று இதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் மிகச் சிலர்.

குழு என்றால் மேடையேறிக் கிடார் வாசிக்கும் குழு இல்லை. மூன்று பேர், ஓர் அறை, சில டேப் ரெக்கார்டர்கள், நிறைய பிளேடுகள். அந்த மூவரில் ஒரு பெண் உண்டு. பெயர் டீலியா டார்பிஷர். அப்போது அவருக்கு 32 வயது. பிரிட்டனில் டி.வி. வைத்திருந்த எல்லா வீடுகளிலும் அவர் செய்த சத்தம் வாரம் தவறாமல் கேட்டது. அவருடைய பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

அந்த ஆல்பத்தில் இருக்கும் இருட்டு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், கவன்ட்ரி நகரத்துக்குப் போக வேண்டும். டீலியா பிறந்த ஊர். 1937 மே 5-ல் பிறந்தார். அப்பா தகடு வேலை செய்யும் தொழிலாளி. இரண்டாம் உலகப் போரில் மோட்டார் வாகனங்களும் விமான பாகங்களும் தயாரான தொழில் நகரம் அது. ஜெர்மானிய விமானங்கள் குறிவைக்க அதுவே போதுமான காரணம். 1940 நவம்பர் 14 இரவு 500-க்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து குண்டு பொழிந்தன. மாலையில் தொடங்கியது, விடியும்வரை ஓயவில்லை. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊரின் நடுவே நின்ற பழைமையான தேவாலயம் சுவர்கள் மட்டுமாக மிஞ்சியது. டீலியாவுக்கு அப்போது மூன்று வயது.

மூன்று வயதுக் குழந்தைக்கு ஜெர்மனி தெரியாது, போர் தெரியாது. அதற்குத் தெரிந்தது சங்கு மட்டும்தான். பிரிட்டனில் அன்று இரண்டு விதமாகச் சங்கு ஊதினார்கள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓலமிட்டால் விமானம் வருகிறது, ஓடி ஒளியுங்கள் என்று பொருள். ஒரே சீராக நீண்டு ஒலித்தால் ஆபத்து விலகிவிட்டது, வெளியே வரலாம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத சத்தம். யார் ஊதுகிறார்கள் என்று தெரியாது. எந்த வாத்தியம் என்று தெரியாது. ஆனால், உயிர் இருக்குமா இல்லையா என்பதை அதுதான் சொல்லும்.

பல வருடங்கள் கழித்துப் பேட்டிகளில் டீலியா இதைச் சொன்னார். தனக்கு அரூபமான ஒலிகள் மேல் ஈர்ப்பு வந்தது அந்தச் சங்கிலிருந்துதான் என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவே மின்னணு இசைதானே என்றும் சொன்னார். சொன்ன விதத்தில் பயத்தைவிட வியப்பே அதிகம். குழந்தைகள் அப்படித்தான். பயந்த விஷயத்தையே திரும்பத் திரும்ப எடுத்து விளையாடுவார்கள்.

குண்டுவீச்சுக்குப் பிறகு டீலியாவைப் பெற்றோரின் சொந்த ஊரான ப்ரெஸ்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே இன்னொரு சத்தம் காத்திருந்தது. பஞ்சாலைகள் நிறைந்த ஊர். விடியற்காலையில் தொழிலாளர்கள் மரத்தாலான அடி வைத்த செருப்புகளைப் போட்டுக்கொண்டு, கல் பாவிய தெருவில் கூட்டமாக ஆலைக்கு நடப்பார்கள். டக், டக், டக் என்று நூற்றுக்கணக்கான கால்கள். அந்தத் தாளமும் தன்னுள் ஏறிவிட்டதாக டீலியா சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் சங்கு, ஒரு பக்கம் செருப்புச் சத்தம். அவருடைய பிற்கால இசையைக் கேட்பவர்கள் இரண்டையும் அதில் கண்டுபிடித்துவிடலாம்.

பெண் படிப்பில் கெட்டி. தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், உதவித்தொகையோடு கிர்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார். முதலில் கணக்கு, பிறகு இசை. 1959-ல் பட்டம் வாங்கிக்கொண்டு ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனார். ஒலிப்பதிவுக்கூடத்தில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருடம் பி.பி.சி-யில் பயிற்சி உதவியாளராக நுழைந்தார். அங்கே 'ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்' என்று ஒரு பிரிவு இருந்தது. ரேடியோ, டி.வி. நிகழ்ச்சிகளுக்கு விசித்திரமான ஒலிகளைத் தயாரித்துக் கொடுக்கும் இடம். லண்டனின் மைடா வேல் பகுதியில், ஒரு காலத்தில் ஸ்கேட்டிங் மைதானமாக இருந்த கட்டடத்துக்குள் இயங்கியது. பெரும்பாலான ஊழியர்களுக்கு அங்கே போக விருப்பமில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் அந்தச் சத்தங்களோடு இருந்தால் புத்தி பிசகிவிடும் என்றுகூட ஒரு பேச்சு இருந்தது. டீலியா, தன்னை அங்கே போடுங்கள் என்று தானாகவே கேட்டார். மேலதிகாரிகளுக்கு ஆச்சர்யம். 1962-ல் போனவர் 11 வருடங்கள் அங்கே இருந்தார்.

அங்கே வேலை நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் ஆல்பத்தின் அருமை புரியும். இன்று கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் ஆயிரம் ஒலிகள் வரும். அன்று சிந்தசைஸர் கையில் கிடைக்கவில்லை. ஏதாவது ஒரு பொருளைத் தட்டி, உரசி, மீட்டி அந்தச் சத்தத்தை டேப்பில் பதிவார்கள். டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும். மெதுவாக ஓட்டினால் இறங்கும். தலைகீழாக ஓட்டினால் சத்தம் பின்னோக்கி வளரும். வேண்டிய துண்டை பிளேடால் வெட்டி, இன்னொரு துண்டோடு ஒட்டுவார்கள். டேப் வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் என்றால், அரை வினாடி ஸ்வரத்துக்கு ஏழரை அங்குலத் துண்டு. அளந்து, வெட்டி, ஒட்ட வேண்டும். கணக்கும் இசையும் படித்த பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறென்ன இருக்க முடியும்?

1963-ல் பி.பி.சி. 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரைத் தொடங்கியது. காலத்தில் முன்னும் பின்னும் பயணிக்கும் ஒருவரின் கதை. இன்றுவரை பிரிட்டன் குழந்தைகளுக்கு அது ஒரு திருவிழா. அதன் தொடக்க இசைக்கு ரான் கிரெய்னர் என்ற இசையமைப்பாளர் ஒரு தாளில் மெட்டெழுதிக் கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட்டார். அந்தத் தாளை ஒலியாக மாற்றியது டீலியா. உடன் உதவியாளர் டிக் மில்ஸ். ஒரே ஒரு தந்தியை மீட்டிப் பதிவு செய்து, அதையே வெவ்வேறு வேகத்தில் ஓட்டி அடித்தாளம். மின்சோதனைக்கு வைத்திருந்த ஆசிலேட்டர்களின் ஒலியை ஏற்றி இறக்கி மெட்டு. புஸ்ஸென்ற இரைச்சலை வடிகட்டிக் காற்று. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக வெட்டி ஒட்டப்பட்டது. ஒருமுறை எங்கோ ஒரு ஸ்வரம் பிசகியது. எது என்று கண்டுபிடிக்க, நீண்ட தாழ்வாரத்தில் டேப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப்போட்டு, ஒட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று டிக் மில்ஸ் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்து கேட்ட கிரெய்னருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இது நான் எழுதியதா என்று கேட்டாராம். பெரும்பாலும் நீங்கள் எழுதியதுதான் என்றாராம் டீலியா. டீலியாவுக்கும் இசையமைப்பாளர் என்ற பெயரும் பங்கும் தர வேண்டும் என்று கிரெய்னர் விரும்பினார். அந்தப் பிரிவின் ஊழியர்கள் பெயர் சொல்லப்படாமல் இருப்பதே அன்றைய வழக்கம். நடக்கவில்லை. அந்த இசையை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும் அந்த மெட்டு கவன்ட்ரியின் சங்கு இல்லாமல் வேறென்ன?

இன்னொரு சத்தத்தையும் சொல்லியாக வேண்டும். வொர்க்‌ஷாப்பில் பச்சை நிறத்தில் உலோக லாம்ப் ஷேடு ஒன்று இருந்தது. சாதாரண விளக்கு மூடி. அதைத் தட்டினால் கணீரென்று அழகாக ஒலிக்கும். டீலியா அதைத் தட்டிப் பதிவு செய்து, தட்டும் அந்தத் 'டிங்'கை மட்டும் வெட்டி எறிந்துவிட்டார். மிஞ்சியது, தொடக்கமே இல்லாத ஒரு ரீங்காரம். எதிலிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சகாரா பாலைவனத்தின் துவாரெக் மக்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்கு அதை வைத்து இசை செய்தார். ஒட்டகங்கள் அடிவானத்தில் கானல்போல நகர்ந்து போவதை லண்டனின் விளக்கு மூடி ஒன்று சாதித்துவிட்டது. பிரையன் ஹாட்ஜ்சன் என்ற சக ஊழியரும் லேசுப்பட்டவர் இல்லை. 'டாக்டர் ஹூ'வின் கால இயந்திரம் கிளம்பும்போது வரும் கரகரவென்ற சத்தம், அவர் தன் அம்மா வீட்டுச் சாவியால் பழைய பியானோவின் கனத்த கம்பியைச் சுரண்டி எடுத்தது.

இந்த இருவரோடு மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தது 1968-ல். டேவிட் வோர்ஹாஸ், அமெரிக்காவில் பிறந்தவர். ஆர்க்கெஸ்ட்ராவில் டபுள் பாஸ் வாசிப்பவர், கூடவே இயற்பியலும் மின்னணுவியலும் தெரிந்தவர். டீலியா பேசிய ஒரு கூட்டத்துக்குப் போனார். கேட்டு முடித்ததும் இனி செய்தால் இதைத்தான் செய்வது என்று தீர்மானித்துவிட்டார். சீக்கிரமே மூவரும் சேர்ந்து லண்டன் கேம்டன் டவுனில் 'கெலைடோஃபோன்' என்று ஒரு சிறிய ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார்கள். டீலியாவும் பிரையனும் பகலில் பி.பி.சி-யில் பள்ளிக்கூட நிகழ்ச்சிகளுக்கும் நாடகங்களுக்கும் சத்தம் செய்வார்கள். அலுவலகம் முடிந்ததும் இங்கே வருவார்கள்.

குழுவுக்கு 'ஒயிட் நாய்ஸ்' என்று பெயர் வைத்ததில் ஒரு பொருத்தம் உண்டு. வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் இருப்பதுபோல, எல்லா அதிர்வெண்களும் ஒரே அளவில் கலந்த சத்தத்துக்கு 'வெள்ளை இரைச்சல்' என்று பெயர். பழைய டி.வி-யில் சேனல் போய்விட்டால் புள்ளி புள்ளியாக வந்து 'உஸ்ஸ்' என்று இரையுமே, கிட்டத்தட்ட அதுதான். அதற்குள் எல்லா ஸ்வரங்களும் ஒளிந்திருக்கின்றன. வேண்டாததைச் செதுக்கி எடுத்தால் வேண்டியது கிடைக்கும்.

முதலில் அவர்கள் செய்தது இரண்டே பாட்டுகள். ஒரு சிறிய இசைத்தட்டாகப் போடலாம் என்று 'ஐலண்ட் ரெக்கார்ட்ஸ்' அதிபர் கிறிஸ் பிளாக்வெல்லிடம் கொண்டுபோனார்கள். அவர் கேட்டுவிட்டு, இதற்குச் சின்னத் தட்டு சரிப்படாது, முழு ஆல்பமாகச் செய்யுங்கள் என்று முன்பணம் கொடுத்தார். அது 3,000 பவுண்டு என்று டேவிட் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பெரிய தொகை.

பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் சத்தமே இல்லை. அதாவது, வெளியில் சத்தமில்லை. உள்ளே வெட்டலும் ஒட்டலும்தான். 'தி விஸிட்டேஷன்' ஒன்றுக்கே மூன்று மாதங்கள் பிடித்ததாகச் சொல்கிறார்கள். நம்பலாம். அந்தப் பாட்டில் ஒவ்வொரு சத்தமும் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு நகர்வதற்குப் பின்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து டேப்பை அளந்திருக்கிறார்.

ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு 'ஃபேஸ்-இன்' என்று பெயர், இரண்டாவதுக்கு 'ஃபேஸ்-அவுட்'. முதல் பக்கம் முழுக்க உயர்வு என்று சொல்ல முடியாது. 'லவ் வித்தவுட் சவுண்ட்' என்ற முதல் பாட்டு அருமையான தொடக்கம். கனவில் நடப்பவர் பாடுவதுபோல இருக்கும். 'ஃபயர்பேர்டு' இனிமையான பாப் பாட்டு. 'யுவர் ஹிடன் ட்ரீம்ஸ்' மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு போகும். ஆனால், 'ஹியர் கம் த ஃப்ளீஸ்' என்ற வேடிக்கைப் பாட்டு, கல்லூரி ஆண்டுவிழாவில் கைதட்டு வாங்கும், அவ்வளவுதான். 'மை கேம் ஆஃப் லவிங்' குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது கேட்க வேண்டிய பாட்டு அல்ல. அறுபதுகளின் குறும்பு அந்த இரண்டிலும் கொஞ்சம் அதிகமாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்று லண்டன் இளைஞர்களிடம் போதையும் மயக்கமும் கலந்த 'சைக்கடெலிக்' இசை பெரிய ஃபேஷன். வண்ண விளக்குகள், சுழலும் கிடார்கள், எல்லாம் அழகு, எல்லாம் அன்பு என்ற குரல்கள். 'ஒயிட் நாய்ஸ்' அந்த மயக்கத்தையும் கனவையும் எடுத்துக்கொண்டது, ஆனால் அதன் இன்னொரு கதவைத் திறந்துவிட்டது. கனவு கெட்ட கனவானால் எப்படி இருக்கும் என்று காட்டியது.

இரண்டாவது பக்கத்தில் இரண்டே பாட்டுகள். முதலாவது 'தி விஸிட்டேஷன்'. அதை மற்ற பேய்ப் பாட்டுகளோடு சேர்க்க முடியாமல் செய்வது ஒரு விஷயம்தான். அதில் பேய் யாரையும் பயமுறுத்த வரவில்லை. பயந்துபோயிருப்பதே பேய்தான். நாம் சொல்வது யாருக்கும் கேட்கவில்லையே என்ற பயம் அது. சத்தங்களும் அதையே செய்கின்றன. நெருங்கி நெருங்கி வந்து, தொடும் தூரத்தில் கரைந்துவிடுகின்றன. பேய்ப் படம் பார்த்துச் சிரிப்பவர்களும் இந்தப் பாட்டில் அமைதியாகிவிடுவது அதனால்தான்.

இரண்டாவது, 'பிளாக் மாஸ்' என்று தொடங்கும் நீளமான பெயர் கொண்டது. நரகத்தில் அடிக்கும் மின்சாரப் புயல் என்று பொருள்படும். அது உருவான கதை, ஆல்பத்தின் மற்ற பாட்டுகளின் கதைக்கு நேர்எதிர். ஒரு வருடமாகியும் ஆல்பம் கைக்கு வராததால் நிறுவனம் பொறுமையிழந்து, உடனே கொடுங்கள் என்று நெருக்கியது. ஒரு பாட்டு இன்னும் பாக்கி. பால் லிட்டன் என்ற டிரம்ஸ் கலைஞரை வரவழைத்து, ஒரே இரவில் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அலறல்களையும் எதிரொலிகளையும் சேர்த்து முடித்துவிட்டார்கள் என்று டேவிட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மாதக்கணக்கில் இழைத்த பாட்டும் ஓர் இரவில் கொட்டிய பாட்டும் அடுத்தடுத்து. வித்தியாசம் காதுக்குத் தெரிகிறது. பின்னது மிரட்டுகிறது. முன்னது போல மனசில் தங்கவில்லை. ஆனாலும், சினிமாக்காரர்களுக்குப் பிடித்தது அந்த இரண்டாவதுதான். 'டிராகுலா ஏ.டி. 1972' என்ற ஹாமர் நிறுவனத் திகில் படத்தில், டிராகுலாவை எழுப்பும் சடங்குக் காட்சிக்கு அதை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

1969-ல் ஆல்பம் வெளிவந்தது. விற்கவில்லை. மேடையில் வாசித்துக் காட்டவும் வழியில்லை. பிளேடையும் பசை டேப்பையும் வைத்துக்கொண்டு மேடையில் என்ன செய்வது? ஆனால், நிறுவனத்தின் பட்டியலிலிருந்து அது மறையவும் இல்லை. யாரோ ஒருவர் வாங்கி, நண்பனுக்குப் போட்டுக் காட்டி, அவன் இன்னொருவனிடம் சொல்லி, வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பரவியது.

டீலியாவுக்கு அதுவரை பொறுமை இல்லை. எழுபதுகளில் சிந்தசைஸர்கள் வந்து இறங்கின. பட்டனைத் தட்டினால் சத்தம். வேலை சுலபமாகிவிட்டது. சீக்கிரம் கொடு, இன்னும் சீக்கிரம் கொடு என்ற நெருக்கடியும் கூடியது. ஒரு விளக்கு மூடியின் ஒலியை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்கு அங்கே இடம் குறைந்தது. 1973-ல் பி.பி.சி-யை விட்டு விலகினார். பிரையனோடு சேர்ந்து ஒரு திகில் படத்துக்கு இசை செய்தார்.

அதற்குப் பிறகு அவர் பார்த்த வேலையைக் கேட்டால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியாது. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் கம்ப்ரியா மலைப்பகுதியில் எரிவாயுக் குழாய் பதிக்கும் பணி நடந்தது. அங்கே ரேடியோ ஆபரேட்டராகச் சேர்ந்தார். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தக் குழு எங்கே போக வேண்டும் என்று கரகரக்கும் ரேடியோவில் பேசுவது. பிறகு ஓர் ஓவியக்கூடத்தில் கொஞ்ச காலம், ஒரு புத்தகக் கடையில் கொஞ்ச காலம். மது அவரைப் பிடித்துக்கொண்டது. இசை கேட்பதையும் செய்வதையும் மனசுக்குள் நிறுத்தினாரா என்பது வேறு. வெளியுலகுக்கு அவரிடமிருந்து இருபது வருடங்களுக்கு மேல் எதுவும் வரவில்லை.

இதற்கிடையில் உலகம் சுற்றிவந்து அவர் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரில் ஒலியை வெட்டி ஒட்டி இசை செய்யும் தலைமுறை ஒன்று கிளம்பியிருந்தது. பிளேடுக்குப் பதில் மவுஸ், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் பழைய தட்டுகளைத் தோண்டியபோது, மின்னல் வெட்டும் அந்தக் கறுப்பு உறை கையில் சிக்கியது. இதை யார் செய்தது, எப்போது செய்தது என்று தேட ஆரம்பித்தார்கள். 'ஆர்பிட்டல்' என்ற புகழ்பெற்ற எலெக்ட்ரானிக் இரட்டையர்கள் 'டாக்டர் ஹூ' இசையைத் தங்கள் மேடைகளில் வாசித்தார்கள். 'சோனிக் பூம்' என்ற பெயரில் இயங்கும் இசைக்கலைஞர் பீட்டர் கெம்பர், டீலியாவைத் தேடிப்பிடித்துத் தொடர்புகொண்டார். தன்னைவிட வயதில் மிகவும் இளைய பிள்ளைகள் தன் வேலையைப் பற்றி நுணுக்கமாகக் கேள்வி கேட்பது டீலியாவுக்கு உற்சாகமாக இருந்தது. மறுபடியும் ஒலியோடு வேலை செய்யத் தொடங்கினார்.

காலம் கொடுத்தது அவ்வளவுதான். 2001 ஜூலை 3-ல், 64 வயதில், சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்.

இறந்த பிறகு அவருடைய வீட்டுப் பரணில் 267 டேப்புகள் கிடைத்தன. காலை உணவுக்கான சீரியல் அட்டைப் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார். பல டேப்புகளில் இன்னது என்று எழுதிக்கூட வைக்கவில்லை. அவை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச்சேர்ந்து, ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்கு மாற்றப்பட்டன. 2013-ல் 'டாக்டர் ஹூ' தொடரின் பொன்விழாச் சிறப்புப் படத்தில், முதன்முறையாகத் தொடக்க இசைக்கு அவருடைய பெயர் திரையில் வந்தது. இசை ஒலித்து சரியாக 50 வருடங்களுக்குப் பிறகு, அவர் இறந்து 12 வருடங்களுக்குப் பிறகு. 2016-ல் கவன்ட்ரியில் ஒரு தெருவுக்கு 'டார்பிஷர் வே' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருடம் கவன்ட்ரி பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 'டாக்டர் ஹூ'வைச் செய்தவருக்கு டாக்டர் பட்டம் என்று அங்கே யாராவது சிலேடை பேசியிருப்பார்கள்.

'ஆன் எலெக்ட்ரிக் ஸ்டார்ம்' இந்த மரியாதைகளுக்கெல்லாம் முந்தையது. அவர் உயிரோடு இருந்தபோதே, அவருடைய பெயரோடே கடைக்கு வந்த ஆல்பம். பகலில் பெயரில்லாமல் வேலை பார்த்தவர், இரவில் போய் உட்கார்ந்து செய்தது. விளக்கை அணைத்துக் கேட்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. அதில் ஏறி இறங்கி வரும் ஒவ்வொரு ஓலத்தையும் ஒரு பெண் பிளேடை வைத்து அங்குலம் அங்குலமாக நறுக்கியிருக்கிறார்.

மான்செஸ்டருக்குப் போன அந்த டேப்புகளில் ஒன்றை ஓடவிட்டபோது, அறுபதுகளின் பிற்பகுதியில் பதிவான ஒரு துண்டு கிடைத்தது. துள்ளலான, உடைந்து உடைந்து வரும் நடனத் தாளம். 2008-ல் அது வெளியானபோது, 'ஆர்பிட்டல்' பால் ஹார்ட்னால், இது அடுத்த வாரம் வெளியாகும் பாட்டு என்று சொன்னாலும் நம்பலாம் என்று வியந்தார். டேப்பில் அந்தத் தாளத்தோடு டீலியாவின் குரலும் பதிவாகியிருக்கிறது. அழுத்தம் திருத்தமான, கொஞ்சம் கண்டிப்பான டீச்சர் குரல். இதை மறந்துவிடுங்கள், இது சும்மா ஓர் ஆர்வத்துக்காக மட்டும்தான் என்கிறார்.